பைக்கில் ஜிபிஎஸ்: மவுண்ட் முதல் ரிலே வரை

ஆழியாறைத் தாண்டி வால்பாறை மலை ஏறினால் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் என் ஜிபிஎஸ் திரையில், வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றுவிட்டது என்று ஒரு அறிவிப்பு வந்தது. கொஞ்ச தூரத்தில் தானாகவே சார்ஜ் ஏறத் தொடங்கியது. அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் மறுபடி அறிவிப்பு. நாலைந்து வளைவு ஏறிய பிறகுதான் பிடிபட்டது: வலது பக்கம் ஒடிக்கும்போது மட்டும் கரண்ட் போகிறது.

ஊருக்குத் திரும்பியதும், வயரிங் செய்துகொடுத்த கடைக்கு வண்டியை விட்டேன். அங்கிருந்த பையன் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டரை வோல்ட் வருது சார். உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றான். வீட்டில் டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயரின் தோல் முழுசாக இருந்தது. விரலால் மடக்கினால் அந்த ஒரு இடம் மட்டும் துணிபோலத் தளர்ந்தது. தோலைச் சீவினேன். உள்ளே இருந்த செம்பு இழைகளில் இரண்டுதான் மிச்சம். மீட்டர் ஏன் பொய் சொன்னது என்பதைச் சோதனைப் பகுதியில் சொல்கிறேன்.

அதன் பிறகு இந்த வேலையை நானே செய்துகொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும். ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு செய்தால் சரி: இந்த வயரிங் என்றைக்காவது மழையில், இருட்டில், ரோட்டோரத்தில் கெட்டுப்போகும். அப்போது டார்ச் வெளிச்சத்தில் பத்து நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடிக்க முடியவேண்டும். கீழே வரும் எல்லா முடிவும் அதை வைத்துத்தான். என் வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411, கருவி கார்மின் ஜூமோ எக்ஸ்டி. வேறு வண்டி, வேறு கருவி என்றாலும் முறை இதுதான்.

போன் போதாதா?

பலருக்குப் போதும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் போனில் வழி தெரியும். போனுக்குள்ளும் ஜிபிஎஸ் ரிசீவர்தான் இருக்கிறது. தொல்லை வேறு இடத்தில். மே மாத வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் போனால், போன் சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும். மழைத்துளி விழுந்தால் தானாக எதையாவது அமுக்கும். அதிர்வு இன்னொன்று: சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. போன்தான் வைப்பேன் என்றால் வையுங்கள், அதிர்வைத் தாங்கும் மவுண்ட்டாக வாங்குங்கள். வயரிங் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜிபிஎஸ் கருவி சிக்னலை வாங்கும், அனுப்பாது. அதனால் சிக்கல் இல்லை. ஆனால் கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் இரிடியம் நெட்வொர்க்கில் வேலை செய்பவை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது போலீஸ் கேஸ் வரை போகும்.

முதலில் கருவி எத்தனை வோல்ட் என்று பாருங்கள்

பைக்குக்கென்றே செய்த கருவிகளின் தொட்டிலில், அதாவது கருவி உட்காரும் அந்தப் பிடியில், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நேராக 12 வோல்ட்டில் கொடுக்கலாம். காருக்கான கருவியோ, போனோ என்றால் அதற்கு 5 வோல்ட். அதற்கு நடுவில் ஒரு யுஎஸ்பி சார்ஜர் வேண்டும். 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு சின்ன வாசனை வரும், அத்தோடு கதை முடிந்தது. பின்பக்க லேபிளையும் கையேட்டையும் ஒரு தரம் படித்துவிடுங்கள்.

பழைய கார் ஜிபிஎஸ்ஸை பைக்கில் மாட்டுகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. சாதாரண யுஎஸ்பி டேட்டா கேபிளில் கரண்ட் கொடுத்தால், சில கருவிகள் தங்களைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டதாக நினைத்துக்கொண்டு வழிகாட்டுவதை நிறுத்திவிடும். திரையில் கம்ப்யூட்டர் படம்தான் தெரியும். அந்தக் கருவிக்கென்று வரும் சார்ஜ் கேபிளைப் போட்டால் சரியாகிவிடும்.

எங்கே மாட்டுவது

கருவியின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டுங்கள். டேப் போட்டு நீங்கள் நினைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே ஆபீஸ் போய்வாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டு உட்கார்ந்து பார்க்கும்போது தெரிவது, சும்மா நின்று பார்க்கும்போது தெரியாது. ஸ்பீடோமீட்டரையும் எச்சரிக்கை விளக்குகளையும் மறைக்கிறதா? ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்தால் டேங்கிலோ வைசரிலோ இடிக்கிறதா? சாவி போட வழி இருக்கிறதா? 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி கண்ணைத் தாழ்த்தினால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். அதனால் கருவி ரோட்டைப் பார்க்கும் கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டேங்க் மேல் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மவுண்ட்டில் பரவலாக இருப்பது ராம் மவுண்ட் முறை: 1 இஞ்ச் ரப்பர் உருண்டை, அதைக் கவ்வும் கை, மறுமுனையில் இன்னொரு உருண்டை. கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளம் கூடக்கூட ஆட்டம் கூடும். ஹேண்டில்பாரில் 'யு' போல்ட் போட்டு மாட்டுவதற்கு முன் கம்பியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 22 மி.மீ. சாதாரணம், தடித்த கம்பி என்றால் 28 மி.மீ. நடுவில் ஒரு துண்டு பழைய டியூப் ரப்பர் வைத்தால் சுற்றாது. க்ளட்ச் லிவர் பிடியின் போல்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருண்டையைப் பொருத்தும் வகையும் கிடைக்கிறது, பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பிரேக் பக்கத்துப் பிடியில் அதைச் செய்யாதீர்கள். ஜிபிஎஸ் கழன்றால் வழிதான் தப்பும்.

எல்லா போல்ட்டுக்கும், அதிர்வில் கழலாமல் பிடித்துக்கொள்ளும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு. அப்புறம் கருவியை ஒரு மெல்லிய கயிற்றால் ஹேண்டிலோடு கட்டிவிடுங்கள்.

கரண்ட் எங்கிருந்து

மூன்று வழி இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராக எடுக்கலாம். சாவியை எடுத்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். வண்டியின் ஏதாவது ஒரு வயரை வெட்டி ஒட்டு போடலாம். கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இதைத்தான் செய்வார்கள். மூன்றாவது, பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, அதை ஒரு ரிலே மூலம், அதாவது சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் மூலம், சாவியோடு சேர்ந்து இயங்க வைப்பது.

நேராக எடுப்பதில் என்ன கெட்டுப்போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலிவான யுஎஸ்பி சார்ஜர் எதையும் சார்ஜ் செய்யாமல் சும்மா இருந்தாலும், அதன் நீல விளக்குக்கும் மற்றதுக்குமாக 20 மில்லி ஆம்பியர் இழுக்கலாம். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-ஹவர். என் வண்டி பேட்டரி 8 ஆம்பியர்-ஹவர். எட்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பாதி பேட்டரி காலி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும்.

ஒட்டு போடும் வழியில், உங்கள் ஜிபிஎஸ் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டியின் சொந்த ஃபியூஸ் போகும். அந்த ஃபியூஸில் ஹெட்லைட்டோ ஹாரனோ சேர்ந்திருந்தால் அதுவும் போகும். ராத்திரியில் மலை இறங்கும்போது இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு வேண்டியது 10 வாட்டுக்குள்தான், அதாவது 1 ஆம்பியர்கூட இல்லை. ஹெட்லைட் பல்பே 55 வாட். இதற்கு ரிலே தேவையா என்று கேட்டால், கண்டிப்பாகத் தேவை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜிபிஎஸ்ஸோடு யாரும் நிறுத்துவதில்லை. அடுத்த மாதம் சார்ஜர் வரும், அதற்கடுத்து ஃபாக் லைட் ஆசை வரும். இப்போதே ரிலே போட்டுவிட்டால் வண்டியின் வயரிங்கை ஒரே ஒரு இடத்தில்தான் தொட்டிருப்பீர்கள்.

ரிலேயின் நான்கு கால்களிலும் எண் அச்சிட்டிருக்கும், எந்தக் கம்பெனி ரிலேயிலும் அதே எண்தான். 30க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87இலிருந்து கருவிகளுக்குப் போகும் வயர். 86க்கு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயர். 85க்கு எர்த். உள்ளே டயோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம், வைத்த ரிலே கிடைத்தால் வாங்குங்கள். அதில் 85, 86 மாறக்கூடாது, டயோடு எரிந்துவிடும்.

86க்கு எந்த வயர்? பின்பக்க பார்க்கிங் விளக்கு வயர் எனக்குப் பிடித்தது. சீட்டுக்குக் கீழே கைக்கு எட்டும், சாவியோடு வந்து சாவியோடு போகும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) இழுப்பதும் 150 மில்லி ஆம்பியர் அளவுதான். உங்கள் வண்டியில் எந்த நிறம் என்பதை மீட்டர் வைத்துக் கண்டுபிடியுங்கள், யார் சொன்னதையும் நம்பவேண்டாம், நான் சொன்னாலும். கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்ற வண்டிகளில் இதற்கென்றே ஏசிசி 1, ஏசிசி 2 என்று கப்ளர், அதாவது வயரைச் செருகிக் கழற்றும் இணைப்பு, விட்டிருப்பார்கள். முதலாவதில் எப்போதும் கரண்ட் இருக்கும், இரண்டாவதில் சாவி போட்டால்தான் வரும். அது இருந்தால் வேலை பாதியாகிவிடும். விளக்கு வயர்களைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் கேன் பஸ் வண்டிகளில் விளக்கு வயரைத் தொட்டால் டாஷில் பிழை காட்டும். அவற்றில் கம்பெனி விட்டிருக்கும் கப்ளரைத் தவிர வேறெதிலும் கைவைக்காதீர்கள்.

வாங்கவேண்டியவை

சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை போதும். பல இழை கொண்ட ஆட்டோ வயர்: பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு 1.5 சதுர மி.மீ., ஜிபிஎஸ்ஸுக்கு 0.75 சதுர மி.மீ. மின்சாரத்துக்கு இதைவிட மெல்லியதே தாங்கும், ஆனால் இழுபடுவதைத் தாங்கவேண்டுமே. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி வயர் வேண்டவே வேண்டாம், அதிர்வில் ஒடியும். கத்தி ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு, மூடியோடு. சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரி பக்கத்துக்கு, ஊதா நிற 3 ஆம்பியர் ஜிபிஎஸ் கிளைக்கு. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். வயர் முனையில் மாட்டும் லக், அதை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப்பிங் ப்ளையர், சூடாக்கினால் சுருங்கி ஒட்டை மூடும், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், தண்ணீர் புகாத இரண்டு பின் கப்ளர் ஒரு ஜோடி, கறுப்பு ஜிப் டை ஒரு பாக்கெட்.

வேலை

சீட்டையும் சைட் கவரையும் கழற்றுங்கள். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றவேண்டும், கடைசியில் மாட்டவேண்டும். காரணம் எளிது: பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயரை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. ரிலேவைக் கால் கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தங்காது. 87இலிருந்து வரும் வயரில் ஊதா ஃபியூஸைச் சேர்த்து, அங்கிருந்து முன்பக்கம் இழுக்கவேண்டும். எர்த் வயரையும் கூடவே இழுத்து பேட்டரி நெகட்டிவில் கொடுத்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் கொடுப்பது துருப்பிடித்த பிறகு தலைவலி.

இப்போது டேங்க். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் குழாயை எடுக்கத் தெரியாவிட்டால் முழுதாகக் கழற்றவேண்டாம். பின் போல்ட்டை எடுத்து டேங்கைக் கொஞ்சம் தூக்கி, கீழே ஒரு கட்டை முட்டுக் கொடுத்தால் வயர் நுழைக்க இடம் கிடைக்கும். ஸ்லீவைச் சூடாக்கும் வேலையை இதன் பக்கத்தில் செய்யாதீர்கள். லைட்டர் கொளுத்தி ஸ்லீவ் சுருக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. திறந்த பெட்ரோல் டேங்குக்கு ஒரு அடி தள்ளி அதைச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வயரை எஞ்சின் ஹெட், சைலன்ஸர் பக்கம் விடாமல், வண்டியின் சொந்த வயரிங் கிட் போகும் பாதையிலேயே கொண்டுபோங்கள். அந்தப் பாதையைக் கம்பெனிக்காரர்கள் யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

கழுத்துப் பகுதிக்கு வந்ததும் நிதானியுங்கள், வேலையின் பாதி இங்கேதான். என் பழைய வயர் சேஸிஸின் இடது பக்கம் இறுக்கமாகக் கட்டியிருந்தது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடிக்கும்போது இடது முனை முன்னால் போகும், வயர் இழுபடும். தினமும் நூறு தடவை அப்படி இழுபட்டு, தோலுக்குள்ளேயே இழை இழையாக அறுந்திருக்கிறது. சரியான முறை இது: திரும்பும் அச்சுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே வயரை ஏற்றுங்கள். அங்கே வயர் மடங்காது, லேசாக முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சேஸிஸில் ஒரு ஜிப் டை, ஹேண்டில் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தொங்கலாக ஒரு வளைவு விடுங்கள், நடுவில் எங்கும் கட்டாதீர்கள். அந்த இடத்தில் எந்த ஒட்டும் வரக்கூடாது. கப்ளர் அதற்கு மேலே, ஹெட்லைட்டுக்குப் பின்னால் கை போகும் இடத்தில்.

ஒட்டுக்கு சால்டரிங்கா கிரிம்ப்பிங்கா என்ற சண்டை ஓயாது. நான் கிரிம்ப் கட்சி. சால்டர் உருகி இழைகளுக்குள் ஏறிக் கெட்டியாகிவிடும். கெட்டியும் நெகிழ்வும் சந்திக்கும் எல்லையில் அதிர்வு ஒடித்துவிடும். கிரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். இப்போது கழன்றால் நல்லது.

சோதனை

கருவியை மாட்டும் முன் கப்ளரில் மீட்டர் வையுங்கள். சாவி இல்லாமல் 0, சாவி போட்டால் 12 சொச்சம், எஞ்சின் ஓடி ஆர்பிஎம் ஏறினால் 14 வோல்ட் பக்கம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருந்தால் மீட்டரில் கழித்தல் குறி வரும், அதையும் பாருங்கள்.

அந்தக் கடைப் பையன் இங்கேதான் ஏமாந்தான். மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுக்காது. இரண்டு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும், ஏன் ஒரு இழை இருந்தாலும், அது முழு வோல்ட்டையும் காட்டும். சுமை கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் வைத்துக்கொள்ளுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் அதை எரியவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை ஒடித்து, வயரை அங்கங்கே விரலால் ஆட்டுங்கள். பல்ப் கண் சிமிட்டினால் அந்த இடத்தில்தான் கோளாறு. நேரத்தை இழுக்காதீர்கள், பல்ப் சுடும்.

அடுத்து எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை முழுதாக ஒடியுங்கள். ஆர்பிஎம் தானாக ஏறினால் உங்கள் ஜிப் டை ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அதை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இதைச் சரிபார்க்காமல் தெருமுனைவரைகூடப் போகவேண்டாம்.

சார்ஜர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று. 20,200 கி.மீ. மேலேயிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் மிகவும் பலவீனமானது. மலிவு சார்ஜரின் மின் இரைச்சல் அதைக் குழப்பலாம். வெட்டவெளியில் நின்று, சார்ஜரைச் செருகியும் எடுத்தும், எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்று கருவியில் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் சார்ஜரை மாற்றுங்கள்.

மழை, உப்பு, டீக்கடை

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை கப்ளர்களைப் பிரித்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் அன்று மாலையே தொட்டிலின் பித்தளைப் பின்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்புக் காற்றில் பச்சை படர நாள் ஆகாது.

டேங்க் பேக்கில் நான் வைத்திருப்பது: 10 ஆம்பியர் ஃபியூஸும் 3 ஆம்பியர் ஃபியூஸும் இரண்டிரண்டு, அந்த இண்டிகேட்டர் பல்ப், ஒரு முழம் வயர், நாலைந்து ஜிப் டை. ஃபியூஸ் ஹோல்டர்களில் எது எதற்கு என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். டீக்கு நிறுத்தும்போது கருவியைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டுவிட்டு, தொட்டிலுக்கு ரப்பர் மூடியை மாட்டிவிடுவேன். மூடி தொலைந்துபோனால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டினால் அதே வேலையைச் செய்யும்.